தோட்டாவுக்குக் கூடு கட்டிய பெர்டான்

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு

மெட்டலர்ஜி பாடத்தில் பித்தளை வகைகளைப் படிக்கும்போது, 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்ததற்கு கார்ட்ரிட்ஜ் பிராஸ் என்று ஒரு பெயர் வருகிறது. இரண்டு மார்க் கேள்வி. நாமும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். கார்ட்ரிட்ஜ் என்றால் தோட்டா. தோட்டாவுக்கு ஏன் இந்தப் பித்தளை, வெறும் செம்பு ஏன் ஆகாது என்று தேடிக்கொண்டே போனபோது எனக்கு அகப்பட்ட மனிதர்தான் ஹைரம் பெர்டான்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்ச் சரித்திரம் படித்தவர்களுக்கு அவர் ஒரு கர்னல். ரஷ்யாவில் அவர் பெயர் ஒரு துப்பாக்கியின் பெயராகவே ஆகிவிட்டது. தோட்டா செய்கிற தொழிலில் இருப்பவர்களுக்கோ அவர் ஒரு பிரைமர். ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று விதமான புகழ்! நம் பக்கத்தில்தான் அவ்வளவாகத் தெரியாது.

துப்பாக்கி சமாச்சாரம் எல்லாம் காலேஜ் மலரில் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொல்லுகிற கருவிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இவர் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது சுடுவது இல்லீங்க. சுட்ட பிறகு கீழே விழுந்து கிடக்கிறதே வெறும் பித்தளைக் கூடு, அதுதான். அதை எறிவதா, மறுபடி எடுத்து உபயோகிப்பதா? இந்தக் கேள்விக்கு பெர்டான் பாதிப் பதில் சொன்னார். மீதிப் பாதியைச் சொன்னவர் இங்கிலாந்துக்காரர் ஒருவர். அவர் பின்னால் வருவார்.

தங்கம் அரைத்தவர்

1824-ம் வருடம் செப்டம்பர் 6-ம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பெல்ப்ஸ் என்னும் ஊரில் பிறந்தார் பெர்டான். வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தில், பண்ணை வீட்டில். பிறகு நியூயார்க் நகரத்துக்கு வந்து மெக்கானிக்கல் என்ஜினீயராகத் தொழில் செய்தார். ஆக, நம்ம பிராஞ்ச்தான்!

அவருக்கு முதலில் பேர் வாங்கிக் கொடுத்தது துப்பாக்கி அல்ல. தங்கத் தாது அரைக்கிற இயந்திரம். கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஊரே அங்கே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சாய்வாக நிறுத்திய வார்ப்பிரும்புக் கிண்ணம் ஒன்று சுழலும். அதற்குள் கனமான இரும்பு உருண்டை தன் எடையாலேயே கீழே தங்கி, தாதுக் கல்லை நசுக்கும். கூடவே பாதரசம் விட்டால் பொடியான தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டு வெட் கிரைண்டரில் கல் ஒரு பக்கமாக நிற்க, பாத்திரம் சுற்றுகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நியூசிலாந்துத் தங்கச் சுரங்கங்களில் இந்தக் கிண்ணத்துக்கே பெர்டான் என்றுதான் பெயர். ரொட்டியை மொத்தமாகச் சுடுகிற ஒரு இயந்திரமும் செய்தார்.

இதற்கு நடுவில் ஒரு பொழுதுபோக்கு: குறி பார்த்துச் சுடுவது. பொழுதுபோக்கு என்று சொன்னேனே தவிர, நாட்டின் முதல் வரிசைக் குறிக்காரர்களில் ஒருவர் என்று பத்திரிகைகளில் பேர் வருகிற அளவுக்குச் சுட்டார். என்ஜினீயரும் அவரே, குறிக்காரரும் அவரே. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் பிற்பாடு வேலை செய்தது.

பச்சைச் சட்டைப் படை

1861-ல் அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டன. பெர்டான் ஒரு யோசனையோடு வாஷிங்டன் போனார். நாடு முழுக்க இருக்கிற நல்ல குறிக்காரர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு தனிப் படை. அதில் சேர என்ட்ரன்ஸ் டெஸ்ட் வைத்தார். 200 கஜ தூரத்தில், அதாவது சுமார் 183 மீட்டரில், பத்து குண்டு சுட வேண்டும். ஒவ்வொரு குண்டும் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று அளந்து எல்லாவற்றையும் கூட்டுவார்கள். மொத்தம் 50 அங்குலத்துக்கு மேல் போனால் ஆள் ஃபெயில். சராசரி 5 அங்குலம். சும்மா சொல்லக்கூடாது, கடினமான டெஸ்ட்தான்.

மற்ற வடக்குப் படைகள் நீலச் சட்டை போட, இவர்கள் மட்டும் பச்சை. மரம் செடிக்குள் மறைந்து நிற்க வசதி. இரண்டு ரெஜிமெண்ட் திரண்டது. ஜனாதிபதி லிங்கனே முகாமுக்கு வந்து பார்த்தார். பெர்டான் தன் ஆட்களுக்கு ஷார்ப்ஸ் ரைபிள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆயுத இலாகாவில் பெரிய அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. செலவு அதிகம், வாய் வழியாக நிரப்புகிற பழைய துப்பாக்கியே போதும் என்பது அவர் கட்சி. இழுபறியாகி 1862-ல்தான் ஷார்ப்ஸ் கைக்கு வந்தது.

இந்த ஷார்ப்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குழலின் பின் பக்கமாக நிரப்புகிற துப்பாக்கி அது. படுத்துக்கொண்டே நிரப்பலாம், சீக்கிரம் நிரப்பலாம். ஆனால் அதன் தோட்டா துணியாலோ காகிதத்தாலோ ஆனது. பின் பக்கம் திறந்து மூடுகிற இடத்தில் எவ்வளவு நெருக்கமாகச் செய்தாலும் சிறு இடைவெளி இருக்கும். மருந்து வெடிக்கும்போது அந்த இடைவெளி வழியாகச் சூடான வாயு சீறிக்கொண்டு வெளியே வரும். பம்பில் கிளாண்ட் பேக்கிங் இல்லாவிட்டால் என்ன ஆகும், அதுதான்.

காகிதத் தோட்டா என்றதும் நமக்கு வேறொரு ஞாபகம் வரவேண்டும். 1857-ல் நம் நாட்டுச் சிப்பாய்கள் பல்லால் கடித்துக் கிழிக்க மறுத்தார்களே, கொழுப்புத் தடவியது என்று, அதுவும் காகிதத் தோட்டாதான். வாய் வழியாக நிரப்புகிற என்ஃபீல்டு ரைபிளுக்கு உள்ளது. அதிலிருந்து பத்து வருடம் முடிவதற்குள் தோட்டா முழுசாக உலோகத்துக்கு மாறிவிட்டது. அந்த மாற்றத்தில் பெர்டானுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்கு முன், போரில் அவர் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இங்கே கொஞ்சம் சங்கடம்தான். அவர் படை நல்ல படை. ஆனால் குண்டு பறக்கிற இடத்தில் கர்னலைக் காணோம் என்று அவர் கீழே வேலை செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பெருமையடிக்கிற மனுஷன் என்றும் பேர். 1863 ஜூலை 2-ம் தேதி கெட்டிஸ்பர்க் போரில் நூறு பேரோடு காட்டுக்குள் புகுந்து எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து வந்தார். அது உண்மை. தன்னால்தான் அந்தப் போரே ஜெயித்தது என்கிற மாதிரி பிற்காலத்தில் அவர் பேசியதைச் சரித்திர ஆசிரியர்கள் பலர் ஒத்துக்கொள்வதில்லை. 1864 ஜனவரி 2-ல் ராஜினாமா செய்துவிட்டு, போர் முடிவதற்கு முன்னாலேயே பட்டறைக்குத் திரும்பிவிட்டார். என் அபிப்பிராயம், அவர் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

கூடு செய்கிற வேலை என்ன?

இனி நம் பாடத்துக்கு வருவோம். உலோகத் தோட்டாவில் நாலு பொருள் உண்டு. முன்னால் குண்டு. உள்ளே மருந்து. பின்னால் தட்டினால் பொறி கொடுக்கும் பிரைமர். மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற கூடு. கூடு என்றால் வெறும் டப்பா என்று நினைக்கக்கூடாது. சுடுகிற அந்த ஒரு நொடியின் சிறு பகுதியில் அது மூன்று வேலை செய்கிறது.

மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது மெல்லிய பித்தளைச் சுவர் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதும் வாயு பின்னால் வர வழியில்லை. ஷார்ப்ஸ் காலத்துச் சீறல் தீர்ந்தது. கூடுதான் இப்போது பேக்கிங்! குண்டு குழலை விட்டுப் போய் அழுத்தம் இறங்கியதும் கூடு ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் சுருங்க வேண்டும். முழுசாகப் பழைய அளவுக்கு வராது. சுவரை விட்டு மயிரிழை விலகினால் போதும், இழுத்து வெளியே எறிந்துவிடலாம்.

இங்கேதான் செம்புக்கும் பித்தளைக்கும் வித்தியாசம். செம்பு நன்றாக விரியும், ஆனால் திரும்பிச் சுருங்குவது குறைவு. சூடான அறையில் அப்படியே பிடித்துக்கொள்ளும். அமெரிக்க ராணுவம் ரொம்ப நாள் செம்புக் கூட்டை வைத்துக்கொண்டிருந்தது. 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் கஸ்டர் என்கிற தளபதி தன்னோடிருந்த ஆட்கள் அத்தனை பேரோடும் செவ்விந்தியர்களிடம் தோற்று மாண்டபோது, செம்புக் கூடு துப்பாக்கியில் சிக்கிக்கொண்டதும் ஒரு காரணம் என்று பெரிய பேச்சு எழுந்தது. எவ்வளவு தூரம் அது காரணம் என்பதில் இன்றும் சண்டை. ஆனால் பிற்பாடு ராணுவம் பித்தளைக்கு மாறியது என்னவோ நிஜம்.

70க்கு 30 கலந்த பித்தளை நீளும், வலுவும் இருக்கும், சுருங்கித் திரும்பும். ஒரு வட்டத் தகட்டை பஞ்ச் வைத்து டைக்குள் அழுத்தினால் கிண்ணம். அதையே இன்னும் சின்ன டையில் இழுத்தால் டம்ளர். அதையும் இழுத்தால் குழாய். நாம் டீப் டிராயிங் என்று படிக்கிறோமே, அதுதான். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் காய்ச்சி இளக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழியும்.

பெர்டான் இந்தப் பித்தளைக் கூட்டின் பிட்டத்தில், வெளிப்பக்கமாக ஒரு சின்னக் குழி வைத்தார். குழிக்கு நடுவில் கூட்டின் பித்தளையாலேயே ஒரு மேடு. அதுதான் ஆன்வில், கொல்லன் பட்டறைக் கல் மாதிரி. மேட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிறு ஓட்டை. ஒரு சாதாரணத் தொப்பி மாதிரியான பிரைமரைக் குழியில் அழுத்தி வைத்தால் முடிந்தது. துப்பாக்கி ஊசி பின்னாலிருந்து தட்ட, பொறிமருந்து மேட்டில் நசுங்கி, நெருப்பு இரண்டு ஓட்டை வழியாக உள்ளே போகும். 1866 மார்ச் 20-ல் இதன் முதல் வடிவத்துக்கு பேட்டன்ட் கொடுத்தார்கள்.

அதற்கு முன்னால் வழக்கத்தில் இருந்த தோட்டாக்களில் பொறிமருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கும். ஒரு தடவை சுட்டால் விளிம்பு நசுங்கும், கூடு குப்பை. பெர்டான் கூட்டில் பிரைமர் தனி, கூடு தனி. மாற்ற முடியும்! பாதிப் பதில் என்று சொன்னேனே, இதுதான்.

கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் ஊரில் யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனி இதைப் பெரிய அளவில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை நடத்திய ஆல்பிரட் ஹாப்ஸ் யார் தெரியுமா? 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்குப் போய், திறக்கவே முடியாது என்று இங்கிலாந்துக்காரர்கள் மார் தட்டிய சப் பூட்டையும் பிராமா பூட்டையும் திறந்து காட்டியவர். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

ஒரு ஓட்டையா, இரண்டு ஓட்டையா?

இப்போது இங்கிலாந்துக்காரர். எட்வர்டு பாக்ஸர். 1822-ல் பிறந்தவர். லண்டன் பக்கம் உல்விச் ஆயுதச் சாலையில் ராயல் லேபரட்டரிக்குத் தலைவர். அதே 1866-ல் அவரும் ஒரு தோட்டா செய்தார். அவர் கூடு அவ்வளவு சுகமில்லை. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, இரும்பு அடிப்பாகத்தில் பொருத்தியது. பிற்காலத்தில் இங்கிலாந்தே அதைக் கைவிட்டு, இழுத்துச் செய்த கூட்டுக்கு மாறிவிட்டது. ஆனால் அவர் பிரைமர் நின்றது. அவர் ஆன்விலைக் கூட்டில் வைக்கவில்லை. பிரைமருக்குள்ளேயே ஒரு குட்டித் துண்டாக வைத்துவிட்டார். கூட்டில் நடு மையத்தில் ஒரே ஒரு ஓட்டை.

பார்த்தால் சின்ன வித்தியாசம். பெர்டானுடையதில் பிரைமர் எளிது, கூடு கொஞ்சம் சிரமம். பாக்ஸருடையதில் கூடு எளிது, பிரைமர் சிரமம். புதுசாகச் செய்து, சுட்டு, எறிவது என்றால் பெர்டான்தான் லாபம். தினமும் லட்சக்கணக்கில் பிரைமர் செய்கிற அரசாங்கத் தொழிற்சாலைக்கு ஒரு துண்டு குறைந்தாலும் லாபம்தானே. ஐரோப்பா, ரஷ்யா எல்லாம் அந்தப் பக்கம் போயின.

சுட்ட கூட்டை மறுபடி நிரப்புகிறவன் பக்கம் நின்று பாருங்க, கணக்கு மாறும். அவனுக்கு முக்கியமான வேலை இரண்டு. செத்த பிரைமரைத் தள்ள வேண்டும். கூட்டின் கழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்தக் கழுத்து விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரைபிள் தோட்டாக் கூடு பெரும்பாலும் சோடா பாட்டில் மாதிரி இருக்கும். உடம்பு பெரிசு, தோள் சரிந்து, கழுத்து சின்னது. கழுத்துதான் குண்டைப் பிடிக்கிறது. பசை கிடையாது, திருகாணி கிடையாது, வெறும் இறுக்கம். நம் லிமிட்ஸ் அண்டு ஃபிட்ஸ் பாடத்தில் வருகிற இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்! இந்த நாளில் பரவலாக உள்ள ஒரு ரைபிள் குண்டின் விட்டம் 7.82 மில்லிமீட்டர். கழுத்தின் உள் விட்டம் அதைவிட 0.05 மில்லிமீட்டர் சுமார் குறைவாக இருந்தால் சரியான பிடி. சுட்ட பிறகு கழுத்து விரிந்துவிடும். புதுக் குண்டை விட்டால் லொடலொட என்று உள்ளே இறங்கிவிடும்.

அதனால் கூட்டுக்கு எண்ணெய் தொட்டு ஒரு டைக்குள் அழுத்துவார்கள். டை கழுத்தை வெளியிலிருந்து நசுக்கிச் சுருக்கும், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. ஏனென்றால் கழுத்துச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது. வெளி அளவு சரியானால் உள் அளவு சரியாகிவிடும் என்று நம்ப முடியாது. டையின் நடுவில் ஒரு கம்பி, கம்பியில் மெருகேற்றிய ஒரு உருண்டை. கூட்டை வெளியே இழுக்கும்போது அந்த உருண்டை கழுத்துக்குள் புகுந்து வந்து உள் விட்டத்தைச் சரியான அளவுக்கு விரித்து முடிக்கும்.

அந்தக் கம்பியின் நுனியில்தான் விசேஷம். நுனியில் ஒரு ஊசி. கூட்டை டைக்குள் அழுத்துகிற அதே ஒரு இறக்கத்தில் ஊசி நடு ஓட்டை வழியாகப் போய்ப் பழைய பிரைமரைக் கீழே தள்ளிவிடும். கழுத்தும் ஆச்சு, பிரைமரும் ஆச்சு, லீவர் ஒரு தடவை! இது பாக்ஸர் கூட்டில் நடக்கும். பெர்டான் கூட்டில் நடுவில் ஓட்டையே கிடையாது, மேடுதானே இருக்கிறது. ஊசி அதில் போய் முட்டி வளையும், இல்லை முறியும். பின்னாலிருந்து கொக்கி போட்டு நெம்பி எடுக்க வேண்டும். நெம்பும்போது மேட்டில் காயம் பட்டால் அடுத்த தடவை சரியாக வெடிக்காது.

அமெரிக்காவில் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருப்பவன் அதிகம். கடை தூரம், பித்தளை விலை அதிகம். வேட்டைக்காரனும் குறிப்போட்டிக்காரனும் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு நடு ஓட்டைதான் வசதி. கடைசியில் என்ன ஆச்சு என்றால், அமெரிக்கர் பெர்டானின் பிரைமர் கடல் தாண்டி ஐரோப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் போய்க் குடியேற, ஆங்கிலேயர் பாக்ஸரின் பிரைமர் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. இன்றுவரை அப்படித்தான்.

பெர்டானை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. ரஷ்ய வேட்டைக்காரர்கள் பெர்டான் வகைப் பிரைமர் போட்ட பித்தளைக் கூடுகளை அதற்கென்று தனிக் கருவி வைத்து எத்தனையோ காலம் திரும்பத் திரும்ப நிரப்பித்தான் வந்தார்கள். முடியாது என்பதில்லை. கை அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

(நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே லேத்தில் டை கடைந்து பார்க்கலாமா என்று யாரும் கிளம்ப வேண்டாம்!)

கழுத்து வெடிப்பதும் குதிரை லாயமும்

ஒரு கூட்டை எத்தனை தடவை உபயோகிக்கலாம்? அதைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் கழுத்துதான். ஒவ்வொரு தடவையும் சுடும்போது விரிந்து, டையில் சுருங்கி, உருண்டையில் மறுபடி விரிகிறது. பித்தளை முறுக்கேறிக்கொண்டே போகும். முறுக்கேறினால் டை சொன்ன அளவில் நிற்காது, பின்வாங்கும். ஒரு கூடு குண்டை இறுக்கிப் பிடிக்க, இன்னொன்று தளர்வாகப் பிடிக்க, குறி தப்பும். அப்புறம் ஒரு நாள் கழுத்து நெடுக்காகப் பிளக்கும்.

என் அப்பா பாத்திரப் பட்டறையில் கூலிக்குச் சுத்தியல் பிடிக்கிறவர். பள்ளிக்கூடம் போகாதவர். குடத்தை அடித்துக்கொண்டே வரும்போது சத்தம் மாறுவதை வைத்தே, பித்தளை முறுக்கிடுச்சு என்று கண்டுபிடித்துவிடுவார். உடனே உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார். எஃகாக இருந்தால் தண்ணீரில் முக்கியதும் கல்லாக இறுகிவிடும். பித்தளை அப்படியில்லை, முக்கினாலும் இளக்கமாகவே இருக்கும். வொர்க் ஹார்டனிங், அனீலிங் என்று புத்தகத்தில் படித்தபோது எனக்கு அர்த்தம் புரிய நேரமே ஆகவில்லை.

தோட்டாக் கூட்டிலும் இதேதான், ஒரு நிபந்தனையோடு. கழுத்தை மட்டும் காய்ச்ச வேண்டும். பிட்டம் இளகவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். இளகினால் வெடித்துச் சுடுகிறவன் முகத்துக்கே வரும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலம் படர்ந்த மாதிரி ஒரு நிறம் தெரியும். கடைசியாகக் காய்ச்சியதன் அடையாளம் அது. காய்ச்சலைத் தள்ளிப்போடவும் வழி உண்டு. சுட்ட கூடு அந்தத் துப்பாக்கி அறையின் அளவுக்கே வார்த்த மாதிரி ஆகியிருக்கும். அதே துப்பாக்கியில்தான் மறுபடி போடப்போகிறோம் என்றால் உடம்பைத் தொடாமல் கழுத்தை மட்டும் சுருக்கினால் போதும். பித்தளைக்கு வேலை குறைவு. வேறு துப்பாக்கியில் போட்டால் நுழையாமல் போகலாம்.

கழுத்து பிளப்பதில் நம் நாட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே இருந்த ராணுவத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழைக்காலம் வந்தால் யாரும் தொடாமலே கூடுகள் கழுத்துப் பக்கம் விரிசல் விட்டன. சீசனில் வருகிற விரிசல் என்பதால் சீசன் கிராக்கிங் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் 1921-ல்தான் தெளிவாக வெளிவந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழுகிற அம்மோனியா, ஈரக்காற்று, இழுத்துச் சுருக்கிய பித்தளைக்குள் அடங்கியிருக்கிற விறைப்பு. மூன்றும் சேர்ந்தால் விரிசல். வைத்தியம், சுமார் 250 டிகிரி அளவில் இளஞ்சூடு காட்டி அந்த விறைப்பை மட்டும் போக்கிவிடுவது.

பெர்டான்கா

மறுபடி பெர்டானிடம் வருவோம். ரஷ்ய அரசாங்கம் நல்ல ரைபிள் தேடி கோர்லோவ், குனியுஸ் என்று இரண்டு ராணுவ அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. பெர்டானின் ரைபிள் அவர்களுக்குப் பிடித்தது. மூவருமாகச் சேர்ந்து திருத்தம் செய்தார்கள். 1868-ல் முதல் மாடல். ஹார்ட்ஃபோர்டு நகரில் கோல்ட் கம்பெனி செய்து கொடுத்தது. அதன் தோட்டா பித்தளையில் இழுத்தது, 10.67 மில்லிமீட்டர் குழலுக்கு. கழுத்து வைத்த ராணுவத் தோட்டாக்களில் ஆரம்ப காலத்தது.

1870-ல் இரண்டாம் மாடல், போல்ட்டைத் தள்ளித் திருப்புகிற வகை. இதை முதலில் செய்தது இங்கிலாந்தில் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனி. பெயரைச் சுருக்குங்கள்: பி.எஸ்.ஏ.! சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்து நம் தெருவெல்லாம் ஓடிய பி.எஸ்.ஏ. சைக்கிளின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். துப்பாக்கிக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி, பிற்பாடு சைக்கிளுக்கு வந்தது. பிறகு ரஷ்யாவிலேயே தூலா முதலான ஊர்களில் அந்த ரைபிளை ஏராளமாகச் செய்தார்கள். 1891-ல் மோசின் ரைபிள் வரும் வரை ரஷ்யச் சிப்பாய் கையில் அதுதான். பழசானதும் வேட்டைக்காரர்களுக்கு மலிவாகப் போயிற்று. சைபீரியாக் காடுகளில் பெர்டான்கா என்றால் குழந்தைக்கும் தெரிந்தது. அமெரிக்காவில் அந்த ரைபிள் ராணுவத்துக்கு வரவே இல்லை.

பெர்டான் பல வருடம் ஐரோப்பாவில் இருந்தார். கான்ஸ்டான்டினோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், 1884-ல் அவர் மகள் எலிசபெத்துக்கும் நாவலாசிரியர் பிரான்சிஸ் மரியன் கிராஃபோர்டுக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அதற்கு முன் நம் அலகாபாத்தில் இந்தியன் ஹெரால்டு பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர். மாமனார் சும்மா இருக்கவில்லை. தூரத்தை அளக்கிற கருவி, கப்பல் வலைக்கு அடியில் புகுந்து தாக்குகிற டார்பிடோ படகு என்று வரிசையாகப் படம் போட்டுக்கொண்டே இருந்தார். தங்கக் கிண்ணத்தைப் போலவோ பிரைமரைப் போலவோ அவை எதுவும் நிலைக்கவில்லை.

கடைசிக் காலம் வாஷிங்டனில். சொந்த அரசாங்கத்தோடு ஒரு வழக்கு. ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளில் வெறும் கூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற அமைப்பு தன் பேட்டன்ட், அதற்குப் பணம் கொடு என்பது அவர் கம்பெனியின் கட்சி. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 1893 மார்ச் 31-ல், 68 வயதில் பெர்டான் இறந்தார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் புதைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1895-ல், அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பெர்டான் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.